ஊளைச் சத்தம் யாருக்கு? இங்கிலாந்து கால்பந்தில் மண்டியிட்ட வீரர்களும் எதிர்த்த ரசிகர்களும்

2020 டிசம்பர் 5, சனிக்கிழமை. தென்கிழக்கு லண்டனில் மில்வால் அணியின் சொந்த மைதானமான 'தி டென்'. கொரோனாவால் மார்ச்சில் பூட்டிய கதவுகளை அன்றுதான் ரசிகர்களுக்குத் திறந்தார்கள். அரசு அனுமதித்தது 2,000 பேரை மட்டும். எதிரணி டெர்பி கவுன்டி. இரண்டாம் நிலை லீகான சாம்பியன்ஷிப்பில் சாதாரணமான ஓர் ஆட்டம், வேறொரு வருடமாக இருந்தால் மறுநாளே மறந்துபோயிருக்கும்.

ஆட்டம் தொடங்கும் முன் இரு அணி வீரர்களும் இனவெறியை எதிர்த்து ஒற்றை முழங்காலை ஊன்றி மண்டியிட்டார்கள். டெர்பியின் கசிம்-ரிச்சர்ட்ஸ் மட்டும் நின்றபடி மூடிய கையை உயர்த்தினார். அந்தச் சில நொடிகளில் கேலரியிலிருந்து ஊளைச் சத்தம் கிளம்பியது. நிரம்பிய மைதானமாக இருந்திருந்தால் பாடல்களிலும் ஆரவாரத்திலும் பாதி அமுங்கியிருக்கும். 2,000 பேர்தான் என்பதால் ஒவ்வொரு குரலும் தனியாகக் கேட்டது, ஒளிபரப்பு மைக்கிலும் பதிவானது. தங்கள் அணி வீரர்களைப் பார்த்தே தங்கள் ரசிகர்கள் ஊளையிட்டார்கள், அதுவும் ஒன்பது மாதம் கழித்து முதன்முதலாகப் பார்க்கும்போது.

இத்தனைக்கும் மில்வால் வீரர்கள் முந்தின நாளே ஓர் அறிக்கை விட்டிருந்தார்கள். இதில் எந்தக் கட்சி அரசியலும் இல்லை, பாகுபாட்டுக்கு எதிராக மட்டும்தான் செய்கிறோம் என்று தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். அந்த அறிக்கை எதையும் தடுக்கவில்லை.

மூன்று நாள் கழித்து அதே மைதானத்தில் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணியுடன் ஆட்டம். இந்த முறை மில்வால் மண்டியிடவில்லை. இரு அணியினரும் கை கோத்து நின்றார்கள், சமத்துவமின்மைக்கு எதிரான பேனர் ஒன்றைப் பிடித்தார்கள். மில்வால் தன் சட்டையில் விளம்பரதாரர் பெயர் இருக்கும் இடத்தை இனவெறிக்கு எதிரான 'கிக் இட் அவுட்' அமைப்புக்குக் கொடுத்தது. அப்புறம் ரேஞ்சர்ஸ் வீரர்கள் தங்கள் பங்குக்கு மண்டியிட்டார்கள். கேலரியில் கைதட்டல் கேட்டது. சனிக்கிழமை ஊளையிட்ட அதே மைதானம் செவ்வாய்க்கிழமை கைதட்டியது. செய்தி மாறவில்லை, சொன்ன விதம் மட்டும் மாறியிருந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதுதான் இந்த நிகழ்வின் முடிச்சு.

ஆளில்லாத மைதானத்தில் பிறந்த சடங்கு

மண்டியிடுவது அமெரிக்காவிலிருந்து வந்தது. 2016-ல் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் கோலின் கேப்பர்னிக் முதலில் தேசிய கீதத்தின்போது எழாமல் உட்கார்ந்திருந்தார். முன்னாள் ராணுவ வீரர் நேட் போயருடன் பேசிய பிறகு, உட்காருவதற்குப் பதில் மண்டியிடத் தொடங்கினார். கறுப்பின மக்கள் மீதான போலீஸ் வன்முறைதான் அவருடைய குற்றச்சாட்டு. அந்த சீசனோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது, அதற்குப் பின் எந்த அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

2020 மே 25-ல் மினியாபொலிஸில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் பிடியில் கொல்லப்பட்டார். மூன்று வாரம் கழித்து, ஜூன் 17-ல், இங்கிலாந்தின் முதல் நிலை லீகான பிரீமியர் லீக் மறுபடி தொடங்கியது. ஆஸ்டன் வில்லாவும் ஷெஃபீல்டு யுனைடெட்டும் ஆடின. நடுவர் விசில் ஊதியதும் வீரர்கள் எல்லோரும் மண்டியிட்டார்கள், நடுவர் மைக்கேல் ஆலிவரும் சேர்ந்துகொண்டார். மீண்டும் தொடங்கிய பின் நடந்த முதல் 12 ஆட்டங்களில் வீரர்களின் முதுகில் அவர்களின் பெயர் இல்லை, 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' (கறுப்பின உயிர்கள் முக்கியம்) என்ற வாசகம் இருந்தது. யோசனை வீரர்களிடமிருந்து வந்தது, லீக் ஒத்துக்கொண்டது.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிக்கத் தவறிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். இந்தச் சடங்கு உருவானபோது மைதானத்தில் ரசிகர்களே கிடையாது. ஜூன் முதல் நவம்பர் வரை, வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்று, காலி நாற்காலிகளுக்கு முன்னால் அது வேரூன்றியது. இங்கிலாந்து கால்பந்தில் சடங்குகள் பொதுவாகக் கேலரியிலிருந்து கீழே இறங்கிவருபவை. பாட்டு, கொடி, இறந்த பழைய வீரருக்கு ஒரு நிமிடம் கைதட்டல், இதெல்லாம் ரசிகர்கள் சேர்ந்து கட்டிக்கொண்டவை. மண்டியிடுவது மட்டும் அவர்கள் வீட்டில் அடைந்துகிடந்தபோது களத்திலிருந்து மேலே ஏறியது. கதவு திறந்து உள்ளே வந்தவருக்கு, தான் இல்லாத நேரத்தில் தன் வீட்டில் சாமான்களை மாற்றிவைத்துவிட்டார்கள் என்ற எரிச்சல். ஊளையிட்டவர்களில் இனவெறியர்கள் இருந்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை கைதட்டியவர்களையும் சேர்த்து விளக்க வேண்டுமானால் இந்த எரிச்சலையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

காலி மைதானத்திலும் எதிர்ப்பு வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜூன் 22-ல் மான்செஸ்டர் சிட்டி மைதானத்துக்கு மேலே ஒரு சிறு விமானம் 'வெள்ளை உயிர்கள் முக்கியம், பர்ன்லி' என்ற பொருளில் பேனரை இழுத்துக்கொண்டு பறந்தது. பர்ன்லி 5-0 என்று தோற்றது. ஆட்டம் முடிந்து கேமரா முன் வந்த அவர்களின் கேப்டன் பென் மீ தோல்வியைப் பற்றிப் பேசவில்லை. வெட்கமாக இருக்கிறது, எங்கள் ரசிகர்களில் சிலர் இப்படிச் செய்தது அவமானம் என்றார். வெள்ளையரான ஒரு கேப்டன் தன் சொந்த ரசிகர்களைப் பார்த்து நேரடியாக அப்படிச் சொன்னது அரிது.

'விளையாட்டில் அரசியல் வேண்டாம்'

ஊளையிட்டவர்கள் சொன்ன காரணம் இதுதான். டிக்கெட் வாங்கி ஃபுட்பால் பார்க்க வருகிறோம், பாடம் கேட்க அல்ல. பிளாக் லைவ்ஸ் மேட்டர் இடதுசாரி இயக்கம், போலீஸுக்கான நிதியைக் குறைக்கச் சொல்கிறது, அதற்கு எங்கள் மைதானம் மேடையாக வேண்டுமா? மில்வால் நிகழ்வுக்கு மறுநாள் அமைச்சர் ஜார்ஜ் யூஸ்டிஸும் ஏறக்குறைய இதே தொனியில் பேசினார். பிரீமியர் லீக் ஏற்கெனவே அந்த இயக்கத்திலிருந்து விலகத் தொடங்கியிருந்தது. 2020-21 சீசனில் சட்டைக் கையிலிருந்த பழைய வாசகம் போய், 'இனவெறிக்கு இடமில்லை' என்ற லீகின் சொந்த வாசகம் வந்திருந்தது. ஆக, காரணம் பாதி நீங்கியிருந்தும் ஊளை நிற்கவில்லை.

அரசியல் வேண்டாம் என்பதை அப்படியே நம்பலாமா? பாப்பி மலரை எடுத்துக்கொள்வோம். போரில் இறந்தவர்கள் நினைவாக ஒவ்வொரு நவம்பரும் பிரிட்டனில் சிவப்பு பாப்பி அணிவார்கள். 2016 நவம்பர் 11-ல் வெம்ப்ளியில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதின. வீரர்கள் பாப்பி அணியக் கூடாது, அரசியல் சின்னங்களுக்கு அனுமதியில்லை என்றது ஃபிஃபா. நாடே கொதித்தது. பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்திலேயே ஃபிஃபாவைக் கண்டித்தார். இரு அணியும் கறுப்புப் பட்டையில் பாப்பியை வைத்து ஆடின. ஃபிஃபா இங்கிலாந்து சங்கத்துக்கு 45,000 ஸ்விஸ் ஃபிராங்க் அபராதம் போட்டது. அப்போது எந்தக் கேலரியிலிருந்தும் அரசியல் வேண்டாம் என்ற குரல் எழவில்லை.

இதன் மறுபக்கம் கால்பந்து வீரர் ஜேம்ஸ் மெக்லீன். வட அயர்லாந்தின் டெரி நகரத்துக்காரர். 1972 ஜனவரி 30-ல் அங்கே பிரிட்டிஷ் ராணுவம் ஊர்வலத்தில் சுட்டதில் இறந்தவர்களில் ஆறு பேர் அவர் வளர்ந்த கிரெகன் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். உலகப் போர்களில் இறந்தவர்களை மதிக்கிறேன், ஆனால் இந்தச் சின்னம் எல்லாப் போர்களையும் சேர்த்துக்கொள்கிறது, என் ஊர்க்காரர்கள் முன் இதை அணிய முடியாது என்று 2014-ல் விகன் அணியின் உரிமையாளருக்குக் கடிதம் எழுதினார். 2012 முதலே பல மைதானங்களில் அவரைப் பார்த்து ஊளையிட்டார்கள். அவர் எந்தச் சைகையும் காட்டவில்லை. சும்மா நின்றார், அவ்வளவுதான். சும்மா நின்றதற்கு ஊளை, மண்டியிட்டதற்கும் ஊளை.

சின்னம் கூடாது என்பது இங்கே எப்போதுமே விதியாக இருந்ததில்லை. எந்தச் சின்னம் எல்லோருக்கும் பொது, எது ஒரு பிரிவினருடையது என்பதில்தான் சண்டை. தன் கருத்தோடு ஒத்துப்போகும்போது அது ஒருவருக்கு மரபாகத் தெரிகிறது, ஒத்துப்போகாதபோது அரசியலாகத் தெரிகிறது. சரி, இது ரசிகர்களுக்கு மட்டுமா? பெரும்பாலும் எல்லோருக்கும் அப்படித்தான்.

அரசியல் செய்யத் தெரியாதவர்களும் இல்லை இந்த ரசிகர்கள். 2021 ஏப்ரல் 18 ஞாயிறு இரவு, 12 பணக்கார அணிகள் தனியாக 'ஐரோப்பிய சூப்பர் லீக்' தொடங்குவதாக அறிவித்தன. அதில் ஆறு இங்கிலாந்து அணிகள். செவ்வாய் மாலை ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் வாசலில் செல்சி ரசிகர்கள் சாலையை மறித்தார்கள். அணியின் பேருந்து உள்ளே போக முடியவில்லை. பழைய கோல்கீப்பர் பீட்டர் செக் தெருவில் இறங்கி வந்து கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. அன்று இரவுக்குள் ஆறு அணிகளும் விலகின. முதலாளித்துவம், உடைமை, ஊர்ச் சமூகம் என்று அந்தத் தெருவில் பேசப்படாத அரசியல் இல்லை. எல்லோரும் பாராட்டினார்கள், அரசாங்கமும்தான்.

சைகை தேய்ந்தபோது

மண்டியிடுவதை விமர்சித்தவர்களில் கூர்மையானவர்கள் ஊளையிட்ட கூட்டத்தில் இல்லை. கறுப்பின வீரர்களிடமும் நிர்வாகிகளிடமும் இருந்தார்கள்.

2020 செப்டம்பரில், மில்வாலுக்கு மூன்று மாதம் முன்பே, குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸின் கால்பந்து இயக்குநர் லெஸ் ஃபெர்டினாண்ட் ஓர் அறிக்கை விட்டார். அவரே இங்கிலாந்துக்கு ஆடிய கறுப்பின ஸ்டிரைக்கர். அவருடைய அணி ஓர் ஆட்டத்தில் மண்டியிடவில்லை என்று ஊடகங்கள் கேள்வி கேட்டிருந்தன. அவர் சொன்னதன் சாரம் இது: செய்தி நீர்த்துவிட்டது, இப்போது இது நல்ல விளம்பரம் என்ற அளவுக்கு வந்துவிட்டது, மண்டியிடுவதால் மட்டும் எதுவும் மாறாது, செயல்தான் மாற்றும். பிரெண்ட்ஃபோர்டு அணி 2021 பிப்ரவரியில் நிறுத்தியது. அதன் ஸ்டிரைக்கர் ஐவன் டோனி, எங்களைப் பொம்மைகளாகப் பயன்படுத்துகிறார்கள், மேலே இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்ற பொருளில் பேசினார். கிரிஸ்டல் பேலஸின் வில்ஃப்ரட் ஸாஹா இன்னும் ஒரு படி போனார். எங்கள் பெற்றோர் நிமிர்ந்து நிற்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள், மண்டியிடுவது தாழ்வாக இருக்கிறது என்றார். 2021 மார்ச் 13-ல் வெஸ்ட் பிராமுக்கு எதிராக எல்லோரும் மண்டியிட, அவர் நின்றார். பிரீமியர் லீகில் அப்படி நின்ற முதல் வீரர் அவர்தான்.

எனக்கு ஃபெர்டினாண்டின் வாதம் பிடிக்கிறது, ஏனென்றால் அது கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறது. கேப்பர்னிக் யாரிடம் என்ன கேட்டார் என்பதில் குழப்பமில்லை. அவர் போலீஸையும் அரசையும் பார்த்துக் கேட்டார். அதே சைகை அட்லாண்டிக்கைக் கடந்து வந்தபோது முகவரி தொலைந்துவிட்டது. யாரைப் பார்த்து மண்டியிடுகிறோம்? லீக் நிர்வாகத்தையா, சமூக ஊடக நிறுவனங்களையா, கேலரியையா? பல அணி உரிமையாளர்களுக்கு இது சௌகரியமாகவும் இருந்தது. பத்து நொடி, செலவில்லை, போர்டு அறையில் ஒரு நாற்காலியும் இடம் மாற வேண்டாம். பொருளாதார நிபுணர் ஸ்டீஃபன் சிமான்ஸ்கி 2022-ல் செய்த ஆய்வின்படி பிரீமியர் லீக் வீரர்களில் 43% பேர் கறுப்பினத்தவர். முன்னாள் வீரர்கள் வழக்கமாகப் போகும் மேலாளர் நிலைப் பணிகளில் அவர்கள் பங்கு 4.4%. இந்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பற்றி மண்டியிடுவது எதுவும் பேசவில்லை.

முகவரி உள்ள கோரிக்கை எப்படி இருக்கும் என்பதை மார்கஸ் ராஷ்ஃபோர்ட் 2020 ஜூனிலேயே காட்டினார். கோடை விடுமுறையில் ஏழைக் குழந்தைகளுக்கான இலவச மதிய உணவுக் கூப்பன்களை நிறுத்துவது என்று பிரிட்டிஷ் அரசு முடிவெடுத்திருந்தது. ஜூன் 15-ல், 22 வயது மான்செஸ்டர் யுனைடெட் வீரர் எம்.பி.க்களுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். இதே உணவைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தேன், அம்மா முழுநேரம் உழைத்தும் போதவில்லை என்று தன் வீட்டுக் கதையைச் சொன்னார். மறுநாளே அரசு பின்வாங்கியது. 12 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள், சுமார் 13 லட்சம் குழந்தைகளுக்கு உணவு. யாரிடம், எதை, எந்தத் தேதிக்குள் என்று எல்லாம் அந்தக் கடிதத்தில் இருந்தது. பந்தை மட்டும் உதைத்தால் போதும் என்று அவரிடம் சொன்னவர்கள் அன்று குறைவு. அது ஒரு வருடத்துக்குப் பின் மாறும்.

இடையில் ஒரு சிறு குறிப்பு, நமக்குப் பக்கத்தில் நடந்ததால். 2021 அக்டோபர் 24-ல் துபாயில் பாகிஸ்தானுடனான டி20 உலகக் கோப்பை ஆட்டத்துக்கு முன் இந்திய கிரிக்கெட் வீரர்கள் மண்டியிட்டார்கள். பின்னர் கேட்டபோது, நிர்வாகம் சொன்னது, செய்தோம் என்ற அளவில்தான் விராட் கோலியின் பதில் இருந்தது. ஃபெர்டினாண்ட் சொன்ன நீர்த்துப்போதலுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஊளையே உயிர் கொடுத்தது

2021 மே மாத நிலவரப்படி மண்டியிடுவது தானாகவே ஓய்ந்துபோகும் போலத்தான் இருந்தது. அதைக் காப்பாற்றியவர்கள், வேடிக்கைதான், அதை வெறுத்தவர்கள்.

ஜூன் 2-ல் மிடில்ஸ்பரோவில் ஆஸ்திரியாவுடன் இங்கிலாந்துக்கு, ஐரோப்பியக் கோப்பைக்கு முந்தைய பயிற்சி ஆட்டம். வீரர்கள் மண்டியிட்டார்கள், ஊளை எழுந்தது. அன்று ஒரே கோலை அடித்தவர் 19 வயது புகாயோ சாகா. நான்கு நாள் கழித்து அதே மைதானத்தில் ருமேனியா. நிறுத்தப்போவதில்லை என்று பயிற்சியாளர் காரத் சவுத்கேட் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மறுபடி ஊளை, இந்த முறை அதற்கு மேல் கைதட்டல். ஒற்றை கோலை அடித்தவர் ராஷ்ஃபோர்ட்.

இப்போது சைகைக்கு முகவரி கிடைத்துவிட்டது. எதிரே ஆள் இருக்கிறார், அவர் சத்தம் போடுகிறார், வீரர்கள் அவர் கண் முன்னாலேயே மண்டியிடுகிறார்கள். பழக்கத்தால் மழுங்கியிருந்த பத்து நொடி மறுபடி கூர்மையானது.

ஜூன் 8-ல் சவுத்கேட் நாட்டுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். தன் தாத்தா உலகப் போரில் பணியாற்றியது, அரசி, நாடு என்று தான் வளர்ந்த தேசபக்தியிலிருந்து தொடங்கி, சமத்துவம், இன அநீதி பற்றி மக்களோடு பேசுவது என் வீரர்களின் கடமை என்று முடித்தார். புத்திசாலித்தனமான கடிதம். பாப்பி அணிபவர்களின் மொழியிலேயே மண்டியிடுபவர்களுக்காக வாதாடினார். வேறு யாராவது எழுதியிருந்தால் இத்தனை பேர் படித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

அரசாங்கம் இரண்டு படகில் கால் வைத்தது. பிரதமர் போரிஸ் ஜான்சனின் செய்தித் தொடர்பாளர் முதலில் ஊளையைக் கண்டிக்கவில்லை, பிரதமருக்குச் சைகையைவிடச் செயலில்தான் கவனம் என்றார். சில நாள் கழித்து, ரசிகர்கள் ஊளையிடாமல் உற்சாகப்படுத்த வேண்டும் என்று திருத்திக்கொண்டார்கள். உள்துறை அமைச்சர் பிரீத்தி படேல் ஜூன் 14-ல் டிவி பேட்டியில் மண்டியிடுவதைச் சைகை அரசியல் என்றார், ஊளையிடுவது ரசிகர்களின் விருப்பம் என்றும் சொன்னார். ஆஷ்ஃபீல்டு எம்.பி. லீ ஆண்டர்சன் இங்கிலாந்து ஆட்டங்களையே பார்க்கப்போவதில்லை என்று அறிவித்தார். பாவம், 55 ஆண்டுகளில் இங்கிலாந்து ஆண்கள் அணி எட்டிய முதல் பெரிய இறுதிப் போட்டி அந்த ஐரோப்பியக் கோப்பையில்தான் வந்தது.

ஜூலை 11, வெம்ப்ளி, இறுதிப் போட்டி. இத்தாலியுடன் 1-1. பெனால்டிக்காகவே 120-வது நிமிடத்தில் ராஷ்ஃபோர்டையும் ஜேடன் சாஞ்சோவையும் சவுத்கேட் இறக்கினார். கேனும் மக்வயரும் அடித்தார்கள். ராஷ்ஃபோர்டின் பந்து கம்பத்தில் பட்டது. சாஞ்சோவின் பந்தை இத்தாலி கோல்கீப்பர் டொன்னாரும்மா தடுத்தார். ஐந்தாவது, கடைசிப் பந்தை எடுத்துவைத்தவர் சாகா. அதையும் தடுத்தார். இத்தாலி 3-2. தவறவிட்ட மூவரும் கறுப்பினத்தவர். அவர்களின் சமூக ஊடகப் பக்கங்களில் என்ன வந்து குவியும் என்பது அந்த நொடியிலேயே பலருக்குத் தெரிந்துவிட்டது, அப்படியே வந்தது.

சவுத்கேட்டும் பழைய வெம்ப்ளி மைதானத்தில் பெனால்டி தவறவிட்டவர்தான். 1996 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி, ஜெர்மனிக்கு எதிராக. நாடு அவரை ஆண்டுக்கணக்கில் கேலி செய்தது. தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு பீட்சா ஹட் விளம்பரத்திலும் நடித்தார், அந்த அளவுக்கு அது பொது நகைச்சுவையாகியிருந்தது. ஆனால் நீ இந்த நாட்டுக்காரனா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. 2021-ல் அந்த மூவரிடமும் முதலில் கேட்கப்பட்டதே அதுதான். ஊளையிட்டவர்கள் புரிந்துகொள்ள மறுத்த விஷயத்தை விளக்க இந்த ஒப்பீடே போதும்.

மறுநாள் படேல் வசவுகளைக் கண்டித்து ட்வீட் செய்தார். அதற்கு இங்கிலாந்து வீரர் டைரோன் மிங்ஸ் பதில் எழுதினார்: தொடரின் தொடக்கத்தில் எங்கள் செய்தியைச் சைகை அரசியல் என்று சொல்லித் தீ மூட்டிவிட்டு, நாங்கள் எதை எதிர்க்கிறோமோ அதுவே நடக்கும்போது அருவருப்பதாக நடிக்க முடியாது. ஓர் உள்துறை அமைச்சரைப் பார்த்து ஒரு டிஃபென்டர் இப்படிப் பேசியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டியவையும் இருக்கின்றன. மான்செஸ்டர் விதிங்டனில் ராஷ்ஃபோர்டின் சுவரோவியத்தில் கிறுக்கினார்கள், உலகம் முழுக்க அது இனவெறிச் செயலாகச் செய்தியானது. பின்னர் காவல்துறை, எழுதப்பட்டது இனவெறி சார்ந்ததாகத் தெரியவில்லை என்றது. அதற்குள் ஊர்க் குழந்தைகள் அந்தக் கிறுக்கலை மறைத்து நூற்றுக்கணக்கான கடிதங்களை ஒட்டிவிட்டிருந்தார்கள். இணைய வசவுகளில் 207 பதிவுகள் குற்றத்துக்குரியவை என்று போலீஸ் கணக்கிட்டது. 123 கணக்குகள் வெளிநாட்டவருடையவை, பிரிட்டனில் இருந்தவை 34. பார்த்தீர்களா, எங்கள் ரசிகர்கள் இல்லை என்று பலர் நிம்மதியடைந்தார்கள். ஆனால் ட்விட்டர் தனியாகப் பார்த்தபோது, தான் நீக்கிய பதிவுகளில் மிக அதிகமாக வந்தது பிரிட்டனிலிருந்துதான் என்றது. வேறு வேறு தளம், வேறு வேறு அளவுகோல், அதனால் வேறு விடை. ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டி வாதத்தை முடிப்பவரிடம் எச்சரிக்கையாக இருக்கலாம்.

ஊளைக்குப் பின் வந்த ஒரு மாற்றத்துக்கு நிஜமாகவே எடை உண்டு. மைதானத்துக்குள் வரத் தடை விதிக்கும் நீதிமன்ற உத்தரவை இணையத்தில் இனவெறி வசவு பாடுபவர்கள் மீதும் போடலாம் என்று 2022-ல் சட்டம் திருத்தப்பட்டது. முகவரியோடு வைக்கப்பட்ட கோரிக்கை அது.

அப்புறம் என்ன ஆனது

2022 ஆகஸ்டில் பிரீமியர் லீக் கேப்டன்கள் கூடி, இனி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மண்டியிடுவதில்லை, குறிப்பிட்ட சில சுற்றுகளிலும் கோப்பை இறுதிப் போட்டிகளிலும் மட்டும் என்று முடிவெடுத்தார்கள். அளவோடு செய்தால் அர்த்தம் இருக்கும் என்பது அவர்கள் வாதம். ஃபெர்டினாண்ட் சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அந்த நவம்பர் 21-ல் கத்தார் உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் ஈரானும் மோதியதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரசிகர்களின் எதிர்பார்ப்பு என்று நாம் பேசுவதெல்லாம் அங்கே தலைகீழானது. ஓரினச் சேர்க்கையாளர் உரிமைக்காக 'ஒன் லவ்' பட்டை அணிவதாகச் சொல்லியிருந்த இங்கிலாந்து உட்பட ஏழு ஐரோப்பிய அணிகள், அணிந்தால் கேப்டனுக்கு மஞ்சள் அட்டை என்று ஃபிஃபா மிரட்டியதும் அன்று காலை கைவிட்டன. இங்கிலாந்து மண்டியிட்டது, அதற்கு அபராதம் கிடையாது. எதிரே ஈரான் வீரர்கள் தேசிய கீதம் ஒலித்தபோது வாய் திறக்காமல் நின்றார்கள். ஹிஜாப் விதிக்காகக் கைதான மாசா அமினி என்ற இளம்பெண் போலீஸ் காவலில் இறந்து இரண்டு மாதம், நாட்டில் போராட்டம் எரிந்துகொண்டிருந்தது. கேலரியில் ஈரான் ரசிகர்கள் தங்கள் சொந்தக் கீதத்தையே ஊளையிட்டார்கள். தொடருக்கு முன் அதிபரைச் சந்தித்ததற்காக இந்த அணி மீது பலருக்குக் கோபம், இன்னும் பேசியிருக்க வேண்டும், இன்னும் முன்னால் செய்திருக்க வேண்டும் என்பது அவர்களின் குறை. நான்கு நாள் கழித்து வேல்ஸுடன் ஆடும்போது வீரர்கள் முணுமுணுப்பாகக் கீதம் பாடினார்கள், அதற்கும் ஊளை.

மில்வாலில் வாயை மூடு என்று ஊளை, தோஹாவில் வாயைத் திற என்று ஊளை. இரண்டு கூட்டமும் வீரன் தங்கள் ஆள் என்றே நினைத்தன. பணயம் வைத்தது யார் என்பதில் மட்டும் வித்தியாசம். மண்டியிட்ட இங்கிலாந்து வீரருக்கு ஊளையோடு போயிற்று. கீதம் பாடாத ஈரான் வீரர் திரும்பிப் போக வேண்டிய ஊர் ஒன்று இருந்தது.

இந்த நிகழ்வின் கடைசி முக்கியத் திருப்பம் பெண்கள் அணியிடமிருந்து வந்தது. 2025 ஜூலையில் ஸ்விட்சர்லாந்தில் நடந்த ஐரோப்பியக் கோப்பையின்போது, இங்கிலாந்து டிஃபென்டர் ஜெஸ் கார்ட்டர் தொடர் தொடங்கியதிலிருந்தே தனக்கு இனவெறி வசவுகள் வருவதாக வெளிப்படையாகச் சொன்னார். ஜூலை 22-ல் இத்தாலியுடன் அரையிறுதிக்கு முன் அணி ஓர் அறிக்கை விட்டது. இத்தனை ஆண்டு மண்டியிட்டும் இது தொடர்கிறது என்றால் கால்பந்து வேறு வழி தேட வேண்டும், நாங்கள் இந்த ஆட்டத்தில் நிற்கப்போகிறோம் என்று. விசில் ஊதும் முன் 11 பேரும் நின்றார்கள், பெஞ்சில் இருந்தவர்கள் தோளோடு தோள் சேர்த்து நின்றார்கள். ஸாஹா நான்கு வருடம் முன்பு தனியாகச் செய்ததை அன்று ஓர் அணி முழுவதும் செய்தது, ஒரு கறுப்பின வீராங்கனையின் பக்கம் நின்று.

அதன்பின் இங்கிலாந்து கோப்பையையும் வென்றது, பாசலில் ஸ்பெயினைப் பெனால்டியில் தோற்கடித்து. கார்ட்டர் இறுதிப் போட்டியில் ஆடினார். அவர்கள் கேட்ட 'வேறு வழி' என்ன என்பதற்குச் சங்கங்களோ சமூக ஊடக நிறுவனங்களோ உருப்படியான பதில் இன்னும் தரவில்லை.